உலை இறங்காமல் வீடு மாறுவது

அக்கரைப்பற்றில் மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது மகள் இல்லை, உம்மாவும் வாப்பாவும்தான். இருக்கிற வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து அதில் குடியேறுவார். பெற்றோர் இளைய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வளவின் மறு மூலையில் எழுப்பிய வீட்டுக்குப் போவார்கள். பல நேரம் அதன் சுவர் பூசியிருக்காது. அடுத்த மகளுக்கு முடிந்தால் மறுபடியும் மூட்டை. மூன்று மகள் பெற்றவர் ஆயுளில் மூன்று தடவை வீடு மாறியிருப்பார். இந்த ஊருக்குப் பல தடவை வந்து தங்கி, இங்குள்ள தாய்வழிக் குடி முறையையும் சீதன வழக்கத்தையும் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

ராத்தாவின் கல்யாணம் முடிந்து நாங்களும் அப்படி மாறினோம். கட்டில், அலுமாரி, தண்ணீர்த் தொட்டி, கோழிக்கூடு என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் போனது. ஆனால் உம்மா அடுப்பை அணைக்கவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது. “சாமான் எல்லாம் போயிட்டா மனே?” என்று கேட்டுக்கொண்டே அரிசியைக் கிண்டினார். கடைசியில் பழைய வீட்டில் மிஞ்சியது பானையும் அகப்பையும்தான். வாப்பா இரண்டு பழந்துணியால் பானையைப் பிடித்துத் தூக்க, உம்மா அகப்பையோடு பின்னால் ஓட, புதிய அடுப்பில் வைத்தபோது சோறு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கிணறு மட்டும் இடம் மாறவில்லை. அதே கிணற்றில் வேறு பக்கமாக நின்று அள்ளினோம்.

பல வருடம் கழித்து மெய்நிகர் இயந்திரங்களை ஓட ஓட இடம் மாற்றும் முறையைப் படித்தபோது எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வந்தது.

*

ஒரு சேர்வர் வாங்கினால் அதில் ஒரு வேலை என்பது பழைய காலம். இப்போது ஒரு பெரிய கணினிக்குள் பத்து, இருபது, சில இடங்களில் நூறு கணினிகள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு செயலி, ஒரு நினைவகம், ஒரு வட்டு, ஒரு வலை அட்டை இருப்பதாக நம்புகிறது. நம்ப வைப்பது ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள். குடியிருப்பவை மெய்நிகர் இயந்திரங்கள். வேலை செய்பவர்கள் வாயில் விஎம். அவற்றைத் தாங்கும் இரும்புப் பெட்டிக்குப் பெயர் ஹொஸ்ட்.

ஐபிஎம் 1972-லேயே விஎம்/370 என்ற பெயரில் இதைப் பெருங்கணினிகளுக்கு விற்றது. மேசைக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 செயலி இதற்கு ஒத்துவராது என்ற எண்ணம் பரவலாக இருந்தபோது, 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் அதையும் செய்துகாட்டியது. 2007-ல் கேவிஎம் லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்ந்துவிட, கையில் காசில்லாத கல்லூரிகளுக்கும் கந்தோர்களுக்கும் வழி பிறந்தது.

இதில் எல்லோரும் கவனிக்கும் லாபம் செலவு மிச்சம். என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. கணினி ஒரு பொருளாக இருந்தவரை அதை நகர்த்த ஆளும் லொறியும் வேண்டும். விஎம் ஆனதும் அது வெறும் தரவு: நினைவகத்தில் இருப்பது கொஞ்சம், வட்டில் இருப்பது நிறைய, செயலியின் அந்தக் கணத்து நிலை ஒரு சிட்டிகை. தரவை நகர்த்தக் கேபிள் போதும்.

ஏன் நகர்த்த வேண்டும்? ஹொஸ்டுக்கும் நோய் வரும். நினைவக அட்டை பழுதாகும், விசிறி இரையும், ஹைப்பர்வைசருக்குப் பாதுகாப்புத் திருத்தம் போட்டு மறுபடி ஏற்ற வேண்டிவரும். முன்பென்றால் சனிக்கிழமை இரவு “சேவை இராது” என்று அறிவித்தல் ஒட்டிவிட்டு எல்லாவற்றையும் அணைப்பார்கள். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் போன்ற ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996-ல் முழுப் பல்கலைக்கழகமானது. வளாகம் கடலோரத்தில், பிரயோக விஞ்ஞான பீடம் மட்டும் உள்ளே சம்மாந்துறையில். நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பில் அதுவும் ஒரு முனை. இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் பெறுபேறு, பாடத்தளம், மின்னஞ்சல், நூலகப் பட்டியல், சம்பளம் எல்லாம் விஎம்களாக ஓடும்போது, எந்த இரவும் வசதியான இரவு இல்லை. நள்ளிரவு 12 மணிக்கு ஒப்படை முடியும் என்றால் 11.58-க்குத்தான் பாதி வகுப்பு ஏற்றும். (இனி வரும் கணக்குகளில் உள்ள எண்கள் எந்த நிறுவனத்தின் சேர்வர் அறையைப் பார்த்தும் எழுதியவை அல்ல. கணக்கு விளங்க நான் எடுத்துக்கொண்டவை.)

எளிய நிலைமையில் இரண்டு ஹொஸ்டும் ஒரே சேமிப்பகத்தைப் பயன்படுத்தும். எங்கள் வளவுக் கிணறு மாதிரி. விஎம்மின் வட்டு அங்கேயே இருக்கும். நகர வேண்டியது நினைவகமும் செயலி நிலையும் மட்டும். ஒரு விஎம்முக்கு 16 ஜிகாபைட் நினைவகம் என்போம். ஹொஸ்டுகளுக்கு இடையே செக்கனுக்கு 10 ஜிகாபிட் போகும் கேபிள், அதாவது 1.25 ஜிகாபைட். முழு நினைவகத்தையும் அனுப்ப ஏறக்குறைய 13 செக்கன் ஆகும். விஎம்மை நிறுத்திவைத்து அனுப்பினால் 13 செக்கன் சேவை இல்லை. பாவிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆகவே நிறுத்தாமல் அனுப்புகிறார்கள். நினைவகம் பெரும்பாலும் 4 கிலோபைட் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் பக்கம். ஹைப்பர்வைசர் எல்லாப் பக்கங்களையும் ஒரு சுற்று அனுப்புகிறது. அதற்குள் விஎம் சும்மா இருக்காது, எழுதிக்கொண்டே இருக்கும். எழுதப்பட்ட பக்கங்களில் ஒரு புள்ளி குத்திவைக்கிறது ஹைப்பர்வைசர். அவை “அழுக்கான” பக்கங்கள். செக்கனுக்கு 200 மெகாபைட் அழுக்காகிறது என்றால், அந்த 13 செக்கனில் சுமார் 2.6 ஜிகாபைட் பழையதாகிப் போயிருக்கும். அடுத்த சுற்றில் அதை மட்டும் அனுப்ப 2 செக்கன். அந்த 2 செக்கனில் அழுக்கானது 400 மெகாபைட். அதை அனுப்ப ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு. பிறகு மிஞ்சுவது 66 மெகாபைட். இப்போது விஎம்மை நிறுத்தி, அந்த மிச்சத்தையும் செயலி நிலையையும் அனுப்பி, மறுபக்கம் எழுப்பிவிடலாம். நின்ற நேரம் செக்கனில் இருபதில் ஒரு பங்கு. கட்டில் முதலில், அகப்பை கடைசியில்.

விஎம்வேர் இந்த வசதியை 2003-லேயே விமோஷன் என்ற பெயரில் விற்கத் தொடங்கியிருந்தது. 2005 மே மாதம் போஸ்டனில் நடந்த மாநாட்டில், கேம்பிரிஜ், கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிளார்க் குழுவினர் சென் என்ற திறந்த மூல ஹைப்பர்வைசரில் அதைச் செய்த விதத்தைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த சோதனைப் பொருள் குவேக் 3 என்ற சுடும் விளையாட்டின் சேர்வர். ஆட்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அது வேறு கணினிக்குப் போனது. நின்ற நேரம் 60 மில்லிசெக்கன் அளவு. கண் இமைக்க அதைவிடக் கூடுதல் நேரம் எடுக்கும். துப்பாக்கி விளையாட்டை எடுத்தது சோம்பேறித்தனம் அல்ல. ஒரு செக்கன் தாமதத்தைக்கூடப் பொறுக்காமல் கத்தும் கூட்டம் அது.

மறுபக்கம் எழுந்த விஎம் முதலில் செய்ய வேண்டியது ஊருக்குத் தகவல் சொல்வது. வலையிலுள்ள ஸ்விட்சுகள் இந்த விஎம்மின் முகவரி பழைய ஹொஸ்ட் இருக்கும் துளையில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். ஆகவே புதிய ஹொஸ்ட், யாரும் கேட்காமலே, “நான் இப்போது இந்தப் பக்கம்” என்று ஒரு செய்தியை வலை முழுக்கக் கூவுகிறது. நாங்கள் வீடு மாறிய மறுநாள் காலை பாண் ஓட்டோ பழைய கேற்றில் நின்று பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. தம்பி ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. வேலை அவ்வளவுதான்; ஆனால் இதை மறந்த நகர்த்தல்கள் “எல்லாம் சரியாக ஓடுகிறது, யாராலும் பார்க்க முடியவில்லை” என்ற வினோத நிலையில் போய் நிற்கும்.

கணக்கு எப்போதும் இப்படி இனிக்காது. 10 ஜிகாபிட் கேபிளுக்குப் பதில் 1 ஜிகாபிட் என்றால்? செக்கனுக்கு 125 மெகாபைட்தான் போகும், அழுக்காவதோ 200. வாளியில் ஊற்றுவதைவிட ஓட்டையால் போவது கூட. எத்தனை சுற்று போனாலும் மிச்சம் குறையாது. சுறுசுறுப்பான தரவுத்தளங்களில் இது அடிக்கடி நடக்கும். ஒரு தீர்வு, விஎம்மின் செயலியைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்குவது. எழுதும் வேகம் குறைய, நகர்த்தல் முடியும். பாவிப்பவருக்கு அந்த நேரம் கணினி களைத்ததுபோல் தெரியும். இன்னொன்று துணிச்சலானது: முதலில் செயலி நிலையை மட்டும் மாற்றி விஎம்மை மறுபக்கம் எழுப்பிவிட்டு, தேவைப்படும் பக்கங்களைப் பழைய ஹொஸ்டிலிருந்து அவ்வப்போது இழுத்துக்கொள்வது. நகர்த்தல் நிச்சயம் முடியும். ஆனால் நடுவில் கேபிள் அறுந்தால் உயிர் பாதி அங்கே, பாதி இங்கே. இரண்டு பாதியும் தனித்தனியே உதவாது. பரீட்சைப் பெறுபேறு இருக்கும் இயந்திரத்துக்கு நான் இதைச் செய்யமாட்டேன்.

*

இனிக் கிணற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டிய நிலைமை. பழைய சேமிப்பகப் பெட்டி வயதாகிவிட்டது, புதியது வந்திருக்கிறது. அல்லது இரண்டு ஹொஸ்டுக்கும் பொதுச் சேமிப்பகமே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் வயிற்றுக்குள் சொந்த வட்டு. சின்ன நிறுவனங்களில் இதுதான் வழமை. இப்போது 16 ஜிகாபைட் அல்ல, 500 ஜிகாபைட் நகர வேண்டும். 1 ஜிகாபிட் கேபிளில் ஒரு குறையும் இல்லாமல் ஓடினாலே 67 நிமிடம்.

விஎம்வேர் இதை மூன்று தலைமுறையாகத் திருத்தித் திருத்திச் செய்தது. அந்தப் பொறியாளர்களே 2011-ல் ஒரு கட்டுரையில் தங்கள் தவறுகளையும் சேர்த்து விவரித்திருக்கிறார்கள். இந்தத் துறையில் நான் விரும்பிப் படித்த எழுத்து அது. முதலில் வட்டை ஒரு கணத்தில் உறைய வைத்துப் பிரதியெடுத்து, அதன்பிறகு எழுதப்பட்டதை அடுக்கடுக்காகச் சேர்த்தார்கள். அது மெதுவாக இருந்தது, இடமும் தின்றது. பிறகு நினைவகத்துக்குச் செய்ததுபோல் அழுக்குப் புள்ளி முறையைப் பயன்படுத்தினார்கள். மெதுவான வட்டுக்கு மாறும்போது அதே ஓட்டை வாளிப் பிரச்சினை. கடைசியில் வந்த வழி எளிமையானது, எங்கள் தெருக்கோடிக் கடை முதலாளி செய்வது.

அவருடைய கடன் கொப்பி கிழிந்துவிட்டது. புதிய கொப்பிக்கு முதல் பக்கத்திலிருந்து எழுதி மாற்றுகிறார். கடையை மூடவில்லை, ஆட்கள் கடனுக்குச் சாமான் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். 40 பக்கம் மாற்றியாகிவிட்டது. 12-ம் பக்கத்துக்காரர் வந்து சீனி வாங்கினால் இரண்டு கொப்பியிலும் எழுதுவார். 70-ம் பக்கத்துக்காரர் வந்தால் பழையதில் மட்டும் எழுதினால் போதும். எப்படியும் பிறகு அந்தப் பக்கம் மாற வேண்டியதுதானே. இப்போது எழுதிக்கொண்டிருக்கும் 41-ம் பக்கத்துக்காரரே வந்து நின்றால், “கொஞ்சம் பொறுங்க காக்கா, இந்தப் பக்கத்த முடிச்சிட்டுத் தாறன்.” கடைசிப் பக்கம் முடிந்ததும் இரண்டு கொப்பியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பழையதை அடுப்பில் போடலாம். ஒரே சுற்று, எவ்வளவு எழுதினாலும் முடிவு உண்டு. 2011-ல் வந்த வடிவம் இதுவே. பொதுச் சேமிப்பகம் இல்லாமல் நினைவகமும் வட்டும் ஒன்றாகப் போவது 2012 அளவில் விஎம்வேரிலும் மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வியிலும் வந்தது.

பிரதி முழுதும் முடிந்தும் மாறும் கணம் வராமல் போவதுண்டு. அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில், சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்டிய வீடுகள் குடியேற ஆளில்லாமல் ஆண்டுக்கணக்காகப் பற்றைக்காடு பிடித்து நின்றன. சேமிப்பகங்களிலும் இப்படி உண்டு: பாதியில் முறிந்த நகர்த்தல் விட்டுச்சென்ற பிரதி, யாருடையது என்று தெரியாமல், இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அநாதை வட்டு என்பார்கள். அழிக்கப் பயம், வைத்திருக்கச் செலவு. நல்ல தானியங்கி ஏற்பாடு ஒன்றின் பாதி வேலை, தோற்ற நகர்த்தலுக்குப் பின் கூட்டித் துடைப்பதுதான்.

*

தூக்குவது எப்படி என்பது தீர்ந்தது. எதை, எப்போது, எங்கே என்பதை யார் முடிவெடுப்பது? தொடக்கத்தில் மனிதர்தான்; எலியால் ஒரு விஎம்மைப் பிடித்து இழுத்து இன்னொரு ஹொஸ்டில் போடுவார். 2006-ல் விஎம்வேர் அந்த வேலையையும் மென்பொருளுக்குக் கொடுத்தது. அது சில நிமிடங்களுக்கு ஒரு தடவை எல்லா ஹொஸ்டுகளின் சுமையையும் பார்த்து, எங்கே நெரிசல், யாரை எங்கே அனுப்பினால் தணியும் என்று கணக்குப் போட்டுத் தானே நகர்த்தியது. கூகிள் தன் மேகக் கணினிகளில் மாதம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விஎம்களை இப்படி நகர்த்துவதாகவும், நடுத்தர நகர்த்தலில் விஎம் நிற்பது 50 மில்லிசெக்கன் என்றும் அதன் பொறியாளர்கள் 2018-ல் எழுதினார்கள். வாடகைக்கு எடுத்தவர்களுக்குத் தங்கள் கணினி வேறு பெட்டிக்குப் போனது தெரியவே தெரியாது.

தானியக்கம் என்றால் அறிவாளி இயந்திரம் என்று நினைக்க வேண்டியதில்லை. அமைதியான ஒரு பகலில் மனிதர் யோசித்து எழுதிவைத்த விதிகள் அவை. பெயர்ச் சேவையின் (டிஎன்எஸ்) இரண்டு விஎம்களும் ஒரே ஹொஸ்டில் இருக்கக் கூடாது. பெட்டி விழுந்தால் இரண்டும் போய்விடும். பாடத்தளமும் அதன் தரவுத்தளமும் முடிந்தவரை ஒன்றாக இருக்கட்டும். இருவரும் ஓயாமல் பேசிக்கொள்பவர்கள். வேறு ஊர்க்காரர் இந்த இடத்தில் மாமியார் மருமகள் உதாரணம் சொல்வார்கள். எங்கள் ஊரில் மாமியார் வீட்டுக்கு வருவது மருமகன் என்பதால் அந்த உதாரணத்துக்கு இங்கே கொஞ்சம் திருத்தம் வேண்டும்.

புதிய செயலியும் பழைய செயலியும் கலந்த இடத்தில் இன்னொரு விதி. விஎம் பிறந்தபோது தன் செயலிக்கு என்னென்ன கட்டளை தெரியும் என்று பார்த்து வைத்துக்கொள்ளும். பிறகு அதைப் பழைய ஹொஸ்டுக்குக் கொண்டுபோனால், தெரியாத கட்டளையைக் கேட்டுச் செயலி விழிக்கும், விஎம் விழும். ஆகவே கூட்டத்திலேயே வயதான செயலிக்குத் தெரிந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும் என்று ஹைப்பர்வைசர் நடிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய புதிய வேகத்தில் கொஞ்சம் வீண்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரே அளவான மூன்று ஹொஸ்டில் ஒன்றைக் காலி செய்ய வேண்டுமானால், மூன்றும் சராசரியாக மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிறைந்திருக்கக் கூடாது. இல்லையென்றால் போக இடமில்லை. எந்த மென்பொருளும் இடத்தை உண்டாக்காது. வெறுமையாகக் கிடக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கைக் கணக்காளருக்கு விளக்குவது நகர்த்தலைவிடக் கடினம் என்பது என் அனுபவம்.

பொறுமையும் விதியில் சேர்த்தி. 2022-ல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: பக்கத்து வரிசை வேகமாகப் போகிறது என்று மாறினால், மாறிய கணமே அது நின்றுவிடும், விட்டுவந்தது ஓடும். சுமை கொஞ்சம் கூடியதும் நகர்த்து, குறைந்ததும் திருப்பு என்று எழுதப்பட்ட ஏற்பாட்டில் ஒரே விஎம் இரண்டு ஹொஸ்டுக்கு நடுவே பந்துபோல் போய்வரும். நகர்த்தலுக்கே செயலியும் கேபிளும் செலவாகிறது என்பதால், தீர்வே சுமையாகிவிடும். ஆகவே கிடைக்கும் லாபம் நகர்த்தும் செலவைத் தெளிவாக மிஞ்சினால் ஒழிய அசையாதே என்று ஒரு வாசல்படி வைப்பார்கள்.

*

இந்தத் தொழில்நுட்பத்தை விற்பவர்கள் மெல்லிய குரலில் சொல்லும் ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். ஓட ஓட நகர்த்த, மூலம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாப்பா பானையைத் தூக்க அடுப்படி நின்றிருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தபோது இந்தக் கரையில் யாருக்கும் சுற்றுச் சுற்றாகச் சாமான் தூக்க நேரமிருக்கவில்லை. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று கடலோரம் முழுக்க, பிழைத்தவர்கள் பலர் பிறகு மாதக்கணக்கில் அலைந்தது காகிதத்துக்காக: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பள்ளிச் சான்று. காணாமல்போனவர்களையும் முகாம்களையும் பதிவதற்கு இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாக, சில வாரங்களில், சஹானா என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். பின்னர் அது வேறு நாடுகளின் பேரிடர்களுக்கும் போனது. குவேக் சேர்வரை 60 மில்லிசெக்கனில் நகர்த்திய கட்டுரை போஸ்டனில் வாசிக்கப்பட்டபோது, இங்கே கடல் வந்துபோய் ஐந்து மாதம்.

தென்கொரியா உலகிலேயே இணைய வசதி மிகுந்த நாடுகளில் ஒன்று. 2025 செப்டம்பர் 26 இரவு, டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில் யூபிஎஸ் பற்றரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான அரச சேவைகள் ஒரே நேரத்தில் நின்றன. அரச ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தில் 858 டெராபைட் எரிந்து போனது. வெளியே பிரதி இல்லை. அளவு பெரிது என்பதால் எடுக்கவில்லை என்றார்கள். விஎம்மை நகர்த்தும் மென்பொருள் அங்கே இல்லாமலா இருந்திருக்கும்? எரிகிற பெட்டியிலிருந்து எதை நகர்த்துவது.

எங்கள் கதை கொழும்பில். 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கட்டமைப்பில் இருந்த மின்னஞ்சல் சேவையைப் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, பாதிக்கப்பட்ட கணக்குகள் 5,000 அளவில். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குப் பயன்படக்கூடிய பிரதி இருக்கவில்லை. மென்பொருள் பதிப்பும் காலாவதியாகியிருந்தது. தீநிரல் புகுந்த விஎம்மை எத்தனை ஹொஸ்டுக்கு நகர்த்தினாலும் தீநிரலும் 60 மில்லிசெக்கனில் கூடவே போகும். கொப்பி உதாரணத்தில், பழையதில் தப்பாக எழுதினால் புதியதிலும் அதே தப்பு, அதே கணத்தில். நேற்றைய கொப்பி வேறு வீட்டில் இருந்தால்தான் உண்டு.

கரையோர நிறுவனம் ஒன்று இரவுப் பிரதியை உள்ளே சம்மாந்துறைக்கோ, மலை தாண்டிப் பேராதனைக்கோ அனுப்பலாம். ஒளிநாரில் வெளிச்சம் செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். 400 கிலோமீட்டர் என்றாலும் ஒரு வழிக்கு 2 மில்லிசெக்கன். தூரம் ஒரு சாட்டு அல்ல.

*

அக்கரைப்பற்றில் சேர்வர் வைத்திருப்பவருக்கு அன்றாட எதிரி கடல் அல்ல, மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9-ல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் முழு நாடும் இருண்டது. தானியங்கி நகர்த்தல் இங்கே தன் சோற்றுக்கு உழைக்கும்.

மூன்று ஹொஸ்ட், முப்பது விஎம், 20 நிமிடம் தாங்கும் யூபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். மின் போனதும் யூபிஎஸ் வலை வழியே செய்தி அனுப்பும். நட் என்ற இலவச மென்பொருள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். முதல் 2 நிமிடம் ஒன்றும் செய்யாதே. ஜெனரேட்டர் எழும்பலாம், மின்னே திரும்பலாம். பிறகு பரிசோதனை விஎம்களையும் நூலகத் திரைகளையும் முறையாக அணை. கட்டாயம் ஓட வேண்டிய ஆறு விஎம்களை ஒரே ஹொஸ்டுக்குக் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் என்றாலும் 3 நிமிடத்தில் முடியும். மற்ற இரண்டு ஹொஸ்டையும் அணை. சுமை மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் மிச்சமிருக்கும் பற்றரி ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் இழுக்கும். பற்றரி ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கினால் மிச்சத்தையும் அணைத்து, கடைசியாகச் சேமிப்பகத்தை நிறுத்து.

காகிதத்தில் அழகாக இருக்கும். முதல் ஒத்திகையில் தெரியவரும் விஷயங்கள் வேறு. இந்தக் கட்டளைகளை ஓட்டும் நிரலே ஒரு விஎம்மில் இருந்தது. அது இருந்த ஹொஸ்டை அதுவே அணைத்துவிட்டது. நுனிக்கிளையில் இருந்துகொண்டு அடிமரம் வெட்டிய கதை. ஹொஸ்டுகளுக்கு யூபிஎஸ் கொடுத்தவர்கள் நடுவிலிருந்த ஸ்விட்சுக்குக் கொடுக்க மறந்திருந்தார்கள். கேபிள் இருந்தும் பாதை இல்லை. அதைவிடப் பயங்கரமானது: ஸ்விட்ச் செத்ததும் இரண்டு ஹொஸ்டும் ஒன்றை ஒன்று காணாமல், மற்றவர் போய்விட்டார் என்று நினைத்து, ஒரே விஎம்மை இரண்டு பக்கமும் எழுப்புவது. ஒரே காணிக்கு இரண்டு உறுதி. இரண்டு பேரும் ஒரே வட்டில் எழுதத் தொடங்கினால் வழக்குத் தீர்வதற்குள் காணியே இராது. அதனால் விஎம்மை இங்கே எழுப்பும் முன், அங்கே இருப்பது செத்துவிட்டது என்று உறுதிப்படுத்து, சந்தேகமென்றால் அதன் மின்னை நீயே வெட்டிவிடு என்பது விதி. ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயர் ஸ்டோனித். மற்ற முனையின் தலையில் சுடு என்பதன் சுருக்கம். பெயர் வைத்தவருக்கு நாகரிகம் போதாது, ஆனால் சொன்னது சரி.

மின் திரும்பியதும் எல்லாவற்றையும் உடனே பழைய இடத்துக்கு அனுப்ப எழுதுகிறவர்கள் புதியவர்கள். எங்கள் ஊரில் மின் வந்தால் பெரும்பாலும் ஒரு தடவை போய்த்தான் வரும். பாதி விஎம்கள் கேபிளில் இருக்கும்போது மறுபடி போனால், முதல் தடவையைவிட மோசம், பற்றரியும் காலி. ஆகவே நிரலில் ஒரு வரி சேர்ப்பார்கள்: மின் தொடர்ந்து 10 நிமிடம் நிலைத்து, பற்றரி பாதிக்கு மேல் ஏறியிருந்தால் மட்டும் திருப்பு.

உம்மாவுக்கு இந்த வரி எழுதாமலே தெரியும். வெளிச்சம் வந்ததும் நாங்கள் கூச்சல் போட, அவர் பிரிஜ்ஜின் ஆளியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு நிற்பார். “இப்ப போடாத மனே, கொஞ்சம் நிண்டு பாப்பம்.”